முழங்கை ஊன்றிய இடம்

அந்த மோட்டாருக்குள் இருக்கிற இரும்பு உருளையை யாரும் தாங்கவில்லை, கண்ணுங்களா. சுற்றிலும் காந்தம், நடுவில் அது அந்தரத்தில் சுழலும். எந்தப் பக்கம் அசைந்தாலும் தானே கற்றுக்கொண்டு நிமிரும்படி கதிரேசன் சாரும் ரெஜினாவும் அதைப் பழக்கியிருந்தார்கள். இன்று சோதனைக்கு ஆள் வந்திருந்தார். உருளை மோட்டாரின் உட்சுவரில் உரசினால் வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

சார் முகம் வாடியிருந்தது. ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“தினம் மதியமானா மோட்டார் வெச்ச மேசைமேலயே சாஞ்சு நிக்கிறீங்க. இன்னைக்காவது உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார். மதியம் திரும்பியதும் உருளை ஒருக்களிக்கத் தொடங்கியது. வழக்கமாக அந்நேரம் மேசையில் ஊன்றுகிற அவர் முழங்கையையும் அது கற்று வைத்திருந்தது; அதை எதிர்பார்த்து, இல்லாத பாரத்தை அது எதிர்த்துத் தள்ளியது.

“யாருங்க மேசையத் தொட்டது?” என்றார் வந்தவர்.

“யாரும் தொடல. அதான் வினையே” என்றாள் ரெஜினா.

சார் மெல்ல எழுந்து, பழைய இடத்தில் முழங்கையை ஊன்றினார். உருளை நிமிர்ந்தது.

“எவ்வளவு நேரம் சார் இப்படியே நிப்பீங்க?”

“அது என்னை மறக்கிற வரைக்கும்மா.”

“சாஞ்சுகிட்டே இருந்தா எப்படி சார் மறக்கும்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கையை எடுக்கவில்லை.