கோல் கம்பத்தின் வயிற்றெரிச்சல்

அந்தக் கால்பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்குக் கேலரிப் பலகையைக் கண்டாலே ஆகாது. இருபது வருஷத்துக்கு முன்னால், லீக் இறுதி ஆட்டத்தில், பலகை முறிந்து பத்து ரசிகர்களைச் சேற்றில் தள்ளியது. இன்றைக்கும் ரசிகர்களுக்கு அந்தப் பேச்சுதான். "நானும் விழுந்தேன்" என்று இதுவரை நாற்பது பேர் சொல்லியாகிவிட்டது.

"ஒடிஞ்சவனுக்குப் பேரு! அதே ஆட்டத்துல கடைசிப் பந்தை நெஞ்சுல வாங்கிக் கப்பைக் காப்பாத்தினவன் நான். என்னை எவன்டா பேசுறான்?" என்று கத்தியது கம்பம்.

"நான் என்னண்ணே பண்ணட்டும்?" என்றது ஆணியடித்து ஒட்டுப்போட்ட பலகை.

"இரு, நானும் காட்டுறேன்."

அடுத்த ஞாயிறு, கேலரி நிறைந்திருந்தபோது, கம்பம் அடியோடு சாய்ந்தது. வலை கோல்கீப்பரை மூடியது. கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. கம்பம் மண்ணில் கிடந்தபடி ஆசையாகக் காதைத் தீட்டியது.

"இதெல்லாம் விழுறதுல சேர்த்தியா?" என்றார் ஒரு வழுக்கைத்தலைக்காரர். "அன்னிக்குப் பலகை ஒடிஞ்சு நாங்க விழுந்தோமே, அது!"

அவர் நாற்பத்தோராவது ஆள். சுற்றியிருந்தவர்கள் நெருங்கி உட்கார, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கு அடியிலிருந்து பலகை கம்பத்திடம் மெல்லக் கேட்டது: "அண்ணே, அடி பலமா?"