ஒரு மடக்கு

"தண்ணிய வாயில வச்சுக்கங்க. நான் சொல்றப்ப முழுங்குங்க," என்றார் ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இதுவரை எடுத்த ஸ்கேனில் எல்லாம் எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

கழுத்தில் ஜெல் சில்லிட்டது. தலைமாட்டில் கணவன் நின்றான். எந்த ஆஸ்பத்திரியானாலும் அவன் உள்ளே வந்தாக வேண்டும். அவள் உடம்பைப் பற்றி டாக்டர்களிடம் பேசுவது அவன்தான்.

விழுங்கினாள்.

ஸ்கேன் திரையில், தைராய்டு கட்டி என்று எல்லோரும் சொன்ன அந்த உருண்டைக்குள் வெள்ளைப் புள்ளிகள் குபுகுபுவென்று நகர்ந்தன.

"இது கட்டியே இல்லம்மா. உணவுக்குழாய்ல பை மாதிரி ஒரு இடம் பிதுங்கியிருக்கு. சாப்பிட்டது அதுல போய்த் தங்குது."

அந்தக் கட்டியை எடுக்கத்தான் வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். கழுத்தை அறுக்க நாள் குறித்தாகிவிட்டது. கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் தெளிவாக ஒன்றும் வரவில்லை, எதற்கும் எடுத்துவிடுவோம் என்றார்கள். குரல் போனாலும் போகலாம் என்றார்கள்.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அன்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பாட்டையும் இதுதான் கடைசி என்று நினைத்தே பாடினாள்.

"குரல் போனா வீடாவது அமைதியா இருக்கும்," என்றான் அவன் அன்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்த பெரிய டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

"மத்தியானம் சாப்பிட்ட சோறு சாயங்காலம் அப்படியே மேல வந்திருக்குமே. யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

சொல்லாமலா?

அவள் வாயைத் திறந்தபோதெல்லாம், "அது வெறும் கேஸ் ட்ரபிள், டாக்டர்," என்று அவன் முந்திக்கொண்டான். மேலே வந்த பருக்கையைக் கையில் ஏந்திக் காட்டியபோது மூஞ்சியைச் சுளித்தான். டாக்டர்களும் அவனைப் பார்த்தே மருந்து எழுதினார்கள். நோய் அவளுக்கு, வாய் அவனுக்கு.

"இவ ஒரு வார்த்தை சொல்லல டாக்டர்," என்றான், இப்போதும்.

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து ஜெல்லை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

அடுத்த ஆளைக் கூப்பிட நர்ஸ் கதவைத் திறந்தார். வெளியே மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் திருநீற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் முகத்தைப் பார்த்த டாக்டரம்மா அவசரமாகக் கதவைச் சாத்தப் போனார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தெறந்தே இருக்கட்டும் டாக்டர்."