இரண்டாவது சிம்

காலை எட்டு மணியிலிருந்து அந்தப் போனை நான் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.

குசினிக்குப் போனாலும் கையில். கிணற்றடிக்குப் போனாலும் கையில். அடுப்பில் வைத்த தேத்தண்ணிக் கேத்தல் வற்றிக் கருகிய பிறகுதான் எனக்கு மணந்தது.

முந்தநாள்தான் சுஹைரின் கடையில் வாங்கினேன். இரண்டு சிம் போடலாம், ரோர்ச் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, ஒரு கிழமைக்குச் சார்ஜே தேவையில்லை என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். ரோர்ச்சும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம், ஒரு நாள் முழுக்கச் சாகாமல் இருந்தால் போதும் என்றேன்.

முதலாவது சிம் என்னுடைய பழைய நம்பர். போன கிழமை என் மகன் கஜரூபனைத் தேடி வந்த இரண்டு பேர் அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனார்கள். கஜன் அன்று நிலாவெளியில் என் தங்கை வீட்டில் நின்றது எங்கள் நல்ல காலம். அடுத்த முறையும் அவன் இல்லாவிட்டால் தாயைத்தான் வண்டியில் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது சிம் புதிது. அந்த நம்பர் கஜனுக்கும் அதை விற்ற சுஹைருக்கும் மட்டும்தான் தெரியும்.

என்னை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று கஜன் ஒரே பிடியாக நின்றான். இன்று இரவு ஏழு மணிக்குக் கட்டாருக்கு விமானம். கத்தி, அழுது, சாப்பிடாமல் கிடந்துதான் காலை ஐந்தரை கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன்.

ஏறுவதற்கு முன் அவன் கோணேசர் மேல் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினான்.

செக் பொயின்ற்றுகளுக்குப் பயந்து அவன் போன் கொண்டுபோகவில்லை. ஹபரணையில் பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும்போது கடையொன்றிலிருந்து புது நம்பருக்கு ஒரு மிஸ் கோல் தருவான். மணி போனால் அம்மா வீட்டில் பத்திரம், அவன் தொடர்ந்து கொழும்புக்குப் போவான். போகாவிட்டால் போனைப் பறித்து நிறுத்திவிட்டு என்னை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், அவன் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவான்.

போன் என் கையை விட்டுப் போகாது என்று சத்தியம் செய்தேன்.

எட்டரைக்குள் வரவேண்டிய கோல் வரவில்லை.

எட்டே முக்காலுக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. பஸ் பதிகிற கந்தோருக்கு எடுத்தேன். கந்தளாய் தாண்டி ஒரு செக்கிங், பஸ் சுணங்கித்தான் போகிறது என்றார்கள். உடனே புஷ்பவதிக்கு எடுத்தேன். அவள் அழுதாள். தங்கையைத் தேற்றுவதில் என் பதற்றமும் கொஞ்சம் அடங்கியது. வைத்துவிட்டு இருக்க முடியாமல் திரும்பவும் அவளுக்கே எடுத்தேன்.

எல்லாம் பழைய நம்பரில்தான். புது நம்பரை நான் தொடவே இல்லை. அது மகனுக்கென்று வைத்திருந்தது.

ஒன்பதரை, பத்தரை. ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்தில் நேவிப் படகொன்று வெளியே போய்த் திரும்பியும் வந்துவிட்டது. எனக்குச் சுஹைர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான்.

பதினொன்றரைக்கு அவனுக்கு எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் கோபிக்கவில்லை. வையுங்கள், அந்த நம்பருக்கு நான் எடுத்துப் பார்க்கிறேன் என்றான்.

வைத்த கையோடு போன் அலறியது. கோணேசரே என்று காதில் வைத்தேன். சுஹைர்தான்.

“சிம் நல்லா வேல செய்யுது அக்கா. ஒண்டுல நீங்க கதைக்கக்குள்ள மட்டும் மத்ததுக்குக் கோல் வராது. வேற ஒரு குறையும் இல்ல.”

எடுத்த கோல்களைத் தட்டிப் பார்த்தேன். எட்டு ஐம்பத்திரண்டு, புஷ்பவதி, இருபத்திரண்டு நிமிடம்.

ஹபரணையில் பஸ் பத்து நிமிடம்தான் நிற்கும்.

கேற் கொளுவிச் சத்தம் கேட்டது. மெல்லத்தான் திறந்தான்.

தோளில் அதே பை. சட்டை முழுக்க வேர்வை. என்னைக் கண்டதும் அப்படியே படியில் இருந்துவிட்டான்.

“மூண்டு தரம் எடுத்தனான் அம்மா. போன் ஓஃப் எண்டே சொல்லிக்கொண்டிருந்தது.”

அவனை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினேன். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. சுஹைர் பொய் சொல்லவில்லை, பற்றரியில் ஒரு கோடுகூடக் குறையவில்லை.