ஒன்பதாவது ஜன்னல்

முத்துச்செல்வி புல்வெளியில் நின்று மறுபடியும் எண்ணினாள்.

அவள் வேலை பார்க்கும் மாளிகையின் மாடியில் ஒன்பது ஜன்னல்.

உள்ளே போய் எண்ணினால் எட்டுதான்.

ஒன்பதாவது ஜன்னல் பொய். அதன் பின்னால் புகைபோக்கி ஏறுகிறது. அந்தக் கோடியில் ஒரு ஜன்னல் இருக்கிறதே, இந்தக் கோடியிலும் ஒன்று வேண்டாமா என்று இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரைக்குத் தோன்றியிருக்கிறது. கல்லில் சட்டம் வைத்து, சுவரில் கறுப்புப் பூசி, குறுக்கே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டான். பாவி மனுஷன், இவள் கழுத்தை அறுக்கவென்றே கட்டியிருக்கிறான்.

அப்பா வந்துகொண்டிருக்கிறார்.

லண்டனில் அவள் தம்பி வீட்டுக்கு வந்தவர், மகள் தங்கும் அறையைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அறையில் நல்ல ஜன்னல் இருக்குமா? நாற்பது வருஷக் கொத்தனார். வெளிச்சம் வராத இடத்தில் மாட்டைக்கூடக் கட்ட மாட்டார். இல்லையென்றால் அடுத்த விமானத்திலேயே திரும்பி வந்துவிடு என்றார்.

அவளுக்குக் கொடுத்த அறை தரைக்குக் கீழே. மாளிகையைத் துடைத்துப் பெருக்குகிறவர்கள் துரைமார் கண்ணில் படக் கூடாதென்று அந்தக் காலத்தில் கட்டிய அறைவரிசை. ஜன்னல் உண்டு. திறந்தால் ஆள் உயரப் பள்ளம், எதிரே கை எட்டும் தூரத்தில் பாசி பிடித்த சுவர்.

வேலை பிடித்திருந்தது. திரும்பிப் போக மனசே இல்லை.

மாளிகையைப் படம் எடுத்து, மாடிக்கோடி ஜன்னலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். இதுதான் என் அறை.

அது ஜன்னலே இல்லை என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அப்பா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு அருப்புக்கோட்டை வீட்டில் மாட்டிவிட்டார்.

அறை பூட்டிக்கிடக்கிறது, மராமத்து நடக்கிறது என்று சொல்லலாமா?

மராமத்து என்றால் அந்த மனுஷர் ஏறிப் பார்க்காமல் விடுவாரா!

கார் வந்து நின்றது.

அப்பா இறங்கினார். அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

வெயில் நேராக முகப்பில் அடித்துக்கொண்டிருந்தது. எட்டு ஜன்னல்கள் பளபளத்தன.

ஒன்று பளபளக்கவில்லை.

வேறு யாரை ஏமாற்றினாலும் இவரையா ஏமாற்றுவது?

அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. சுவரோரம் பள்ளத்தைச் சுற்றி இரும்புக் கம்பி. அதன் அடியில் ஒரு ஜன்னலின் மேல்பாதி. அதில் திரையாகத் தொங்கியது, போன தீபாவளிக்கு அவர் அனுப்பிய மஞ்சள் சுங்கடிச் சேலை.

மடச்சி, அதைக் கழற்றி வைக்கக் கூடாதா!

அப்பா நேரே அங்கே போனார். கம்பியைப் பிடித்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

பெட்டியைக் கட்டு என்பார். இப்போது சொல்வார்.

அவர் கையை உள்ளே விட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்தச் செவுத்துக்கு வெள்ளையடிச்சா வெளிச்சம் உள்ள வந்து விழும்த்தா. இங்க சுண்ணாம்பு கிடைக்குமா?"

கிடைக்கும் என்று வேகமாகத் தலையாட்டினாள்.

எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது.