கிட்டத்துத் துறைமுகம்

"மேடம், அங்கன விட்ட படகு எப்பத் திரும்பி வரும்?"

ஆஸ்லின் இப்படிக் கேட்டதும், மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்த மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தன.

"அது வெறும் மரக்கட்டைம்மா," என்றார் சென்னையிலிருந்து பேசிக்கொண்டிருந்த ரோபோப் போட்டி அமைப்பாளர்.

"கட்டையத்தான் கேக்குறேன் மேடம்."

"பாம்பன் பார்ட்டி ஆரம்பிச்சிருச்சுடா!" என்றது ஏதோ ஒரு கட்டத்திலிருந்து ஒரு குரல்.

முத்துகிருஷ்ணன் சார் பாய்ந்துபோய் மைக்கை அணைத்தார்.

கணினி அறைத் தரையில், போட்டிக்காரர்கள் அனுப்பிய நீலநிற ப்ளெக்ஸ் விரிந்து கிடந்தது. அதுதான் கடல். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், எஞ்சின் நின்றுபோய்த் தத்தளிக்கும் படகுகளாகச் சில மரக்கட்டைகள். இந்த வருஷத்துச் சவால் இதுதான்: ரோபோ போய்ப் படகைக் கொக்கியில் மாட்டி, பத்திரமாக ஒரு துறைமுகத்தில் சேர்க்க வேண்டும்.

துறைமுகம் இரண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது கிட்டம். அதில் சேர்த்தால் பத்துப் புள்ளி. இந்தக் கரை தூரம். இங்கே இழுத்து வந்தால் மூன்று. பேட்டரியை மிச்சம் பிடிக்கிற புத்திக்குத்தான் மதிப்பெண் என்று அந்த அம்மாள் அழகாக விளக்கியிருந்தார். அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. சென்னையில் உட்கார்ந்து வரைந்தால் கரைக்குக் கரை என்ன வித்தியாசம்?

"ஏம்மா, எல்லாரும் பாக்கையில மானத்த வாங்குற?" என்றார் சார்.

"வேற என்ன செய்யச் சொன்னாலும் செய்யிறேன் சார். நம்ம படகக் கொண்டுபோய் அங்கன விடுற வேலைய மட்டும் நான் பாக்க மாட்டேன்."

"போன வருஷமே நம்ம பள்ளிக்கூடம் தோத்துருச்சு. இந்தத் தடவையும் அடுத்த சுற்றுக்குப் போகலேன்னா அவங்க குடுத்த ரோபோப் பெட்டியத் திருப்பி வாங்கிக்குவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன வீம்பு?"

"அவ மாட்டேன்னா மாட்டாதான் சார்," என்றாள் சக்கரத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த மாஷிதா. "சத்துணவுல கத்திரிக்கா போட்டா தட்டோட திருப்பிக் குடுக்குறவ அவ."

சாருக்குப் புரியாமல் இல்லை. முதுகுளத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த இந்தச் சில மாதங்களிலேயே அவர் பார்த்துவிட்டார். கடலில் கோடு தாண்டினார்கள் என்று அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போன ஆட்களும் படகுகளும் எத்தனை வீட்டுப் பேச்சு இங்கே! ஆஸ்லின் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவளை வற்புறுத்துவது பாவம்தான். ஆனால் பெட்டி போய்விட்டால் இந்த மூன்று பிள்ளைகளும் மறுபடி புத்தகத்துப் படத்தைப் பார்த்துத்தான் எந்திரம் படிக்க வேண்டும்.

"பாம்பன், ஓட்டப்போறது யாரு? வெள்ளோட்டத்துக்கு உங்க முறை," என்றது திரை.

சார் யோசித்து, மூலையில் நின்ற யுவராணியைக் கூப்பிட்டார். அவர் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. அம்மாவோடு இங்கே குடிவந்து படிக்கிறது. வாயைத் திறக்காது, சொன்னதைச் செய்யும்.

"நீ ஓட்டும்மா. நம்ம பக்கத்துப் பிள்ளைக்குக் கடலாவது கோடாவது! கட்டைய எடு, கிட்ட இருக்குற துறைமுகத்துல விடு. அம்புட்டுத்தான்."

யுவராணி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். ஆஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனாள்.

ரோபோ கோட்டைத் தாண்டியது. கொக்கி கட்டையைப் பிடித்தது. கிட்டத்துத் துறைமுகம் ஒரு முழத்தில் இருந்தது.

ரோபோ அப்படியே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது.

"ஏ, ஏ! அங்கிட்டும்மா!" என்று கத்தினார் சார்.

அது கேட்கவில்லை. முனகிக்கொண்டே நீலம் முழுவதும் கடந்து வந்து, இந்தக் கரையில் கட்டையை விட்டது.

"தப்பான துறைமுகம், பாம்பன். மூணுதான்," என்றார் அமைப்பாளர். "பரவாயில்ல, இது ஒத்திகைதானே. இன்னொரு வாய்ப்பு தர்றேன்."

யுவராணி இன்னொரு கட்டையையும் எடுத்தாள். அதையும் இந்தக் கரைக்கே இழுத்து வந்தாள். இந்த முறை வேகமாக.

"நீயுமா?" சாருக்குக் கோபத்தில் குரல் பிசிறியது. "ஆஸ்லினுக்குப் பயந்துக்கிட்டுச் செய்யிறியா? உங்கய்யாவுக்கு மொளகாக் கொல்லைதானே? உனக்கு என்ன வந்துச்சு?"

"கொல்லை காஞ்சு கெடக்கு சார். அய்யா கூலிக்கு மீன்பிடிப் போட்டுல ஏறுனாக."

"இப்ப எங்க அவரு?"

யுவராணி ரிமோட்டிலிருந்து கையை எடுக்காமல், ப்ளெக்ஸின் அந்தக் கோடியைத் தாடையால் காட்டினாள்.

"போன மாசிக்குப் போனவுக சார், இன்னும் விடல. ஆஸ்லினுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கேன்."

மாஷிதா எழுந்துபோய் யுவராணி பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பாம்பன்? கேக்குதா? போட்டியன்னிக்காவது துறைமுகத்த மாத்திக்கிறீங்களா?" என்றது திரை.

முத்துகிருஷ்ணன் சார் குனிந்து மைக்கைத் திறந்தார்.

"இல்ல மேடம். மூணே போடுங்க."