பின்னால் ஊற்றிய தண்ணீர்

மதாம் தாஹிரே ஒரு கிண்ணம் தண்ணீரை மேல்படியில் ஊற்றியதும் கஜந்தினி ஐயோ என்று கத்திவிட்டாள்.

அவளுடைய கணவன் ரதீசன் அப்போதுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வெளியே இருந்த இரும்புப் படிகளில் இறங்கிப் போயிருந்தான். அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக வந்த ஞானேந்திரனின் கார் கீழே உறுமிக்கொண்டு நின்றது.

யாழ்ப்பாணத்துச் சனம் ஒருவர் வெளிக்கிட்ட கையோடு தண்ணீர் ஊற்றுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். பிரேதம் எடுத்த பிறகு வீடு கழுவுகிற தண்ணீர் அது.

கஜந்தினி தெரிந்த பிரெஞ்சையெல்லாம் வாரியெடுத்து ஏசினாள். அரைகுறைப் பிரெஞ்சில் ஏசுவது லேசான காரியமில்லை. பாதி தமிழில்தான் போய் விழுந்தது.

எதிர்வீட்டு மதாம் ஈரான்காரி. இருவரும் ஒரே பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வெறுங்கிண்ணத்தை மார்போடு அணைத்தபடி மலங்க மலங்க விழித்தாள். உன் மனுசன் பத்திரமாகத் திரும்பி வரத்தானே ஊற்றினேன் என்றாள்.

அவளுடைய ஊர் பாலைவனத்தின் ஓரம். அங்கே ஆறில்லை. மழை என்பது பெரும்பாலும் கேள்விப்படுகிற விஷயம். தூரத்து மலையடியிலிருந்து நிலத்துக்குக் கீழே தோண்டிய வாய்க்காலில்தான் தண்ணீர் வரும். வசதியானவன் வீடு வாய்க்காலின் தலைமாட்டில், இல்லாதவன் வீடு கால்மாட்டில். ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத்தான் விடுவார்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் முறை என்றுதான் முதலில் விசாரிப்பார்களாம். அப்படிப்பட்ட தண்ணீரைப் போகிறவனுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றினால், அதைவிடப் பெரிய செலவு அந்த ஊரில் வேறில்லை. அவ்வளவு செலவழித்து அனுப்பியவன் வராமல் இருப்பானா?

கஜந்தினிக்கு இது நன்றாகவே விளங்கியது. ரதீசன் போவதும் தண்ணீருக்காகத்தானே.

யாழ்ப்பாணத்திலும் ஆறில்லை. கிணறுதான் எல்லாம். ரதீசனுடைய தகப்பனுக்கு நல்ல தண்ணீர்க் கிணறொன்றில் பங்கு இருந்தது. ஒன்றுவிட்ட தமையன் அதை வேலியடைத்து மறித்துவிட்டான் என்று போன் வந்த நாளிலிருந்து ரதீசன் ஒரு நிலையில் இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, தை மாதம். சமாதானம் என்றுதான் பெயர். றோட்டுக்கரையில் நாளும் பொழுதும் ஏதாவது வெடித்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போன ஆட்கள் வீடு வந்து சேரவில்லை.

"ஒரு கிணத்துப் பங்குக்காக என்னையும் பிள்ளையையும் விட்டிட்டுப் போறியளோ?" என்று அழுது பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தாள். அவன் மசியவில்லை. ஊருக்குப் பனிச் சப்பாத்து எதற்கு என்று அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, வழுவழுத்த புதுத் தோல் சப்பாத்தோடு வெளிக்கிட்டான்.

மேல்படியில் தண்ணீர் அதற்குள் உறைந்து வெள்ளை பிடித்துவிட்டது. கஜந்தினி கதவடியில் இருந்த வாளியிலிருந்து உப்பை அள்ளி எறிந்தாள். பனிக்காலம் முழுக்க, உறைந்தது இளகி வழுக்காமல் இருக்க அந்தப் படிகளுக்கு உப்புப் போடுகிறவள் அவள்தான். கை தன்பாட்டில் போயிற்று.

கீழே கார்க்கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. ரதீசன் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்ப ஏறி வந்தான். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டானாம்.

வெளிக்கிட்டவன் திரும்பி வருவது அடுத்த அபசகுனம். இதற்காவது மாற்று உண்டு. வீட்டுக்குள் வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட வேண்டும். அவனை இருத்திச் செம்பை நீட்டினாள். அவன் பாதி குடித்துவிட்டு, நேரம் போகுது என்று முணுமுணுத்தபடி அறைக்குள் தேடப் போனான்.

கண்ணாடி பிறிட்ஜுக்கு மேல் கிடந்தது. கஜந்தினி அதைக் கண்டும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவன் இந்த வீட்டுக்குள் நடமாடட்டும் என்றிருந்தது அவளுக்கு. செம்பும் கையுமாக வாசலுக்குப் போய்க் கார் நிற்கிறதா என்று பார்த்தாள். மூக்கு மயிர் உறைகிற குளிர். மதாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

பிறகு வெறுஞ்செம்போடு வந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

"போயிட்டு வாறன்" என்றான் ரதீசன். அவள் அவனுடைய புதுச் சப்பாத்தைப் பார்த்தாள்.

இரண்டாம் படியில் அவனுடைய கால் வழுக்கி இழுபட்டது.

மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். கணுக்கால் முறிந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு. விமானம் அவனில்லாமலே போய்விட்டது. ஞானேந்திரன் ஒரு பக்கமும் மதாம் தாஹிரே மறுபக்கமுமாகத் தாங்கி அவனை வீட்டுக்குள் ஏற்றினார்கள்.

தன் தண்ணீர்தான் அவனை விழுத்தியது என்று மதாம் தேம்பித் தேம்பி அழுதாள். கஜந்தினி அவளுடைய முதுகைத் தடவி, உங்கள் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை என்றாள்.

ஞானேந்திரன் மூச்சு வாங்கியபடி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் படிக்கு உப்புப் போடேல்லையோ, தங்கச்சி?"

"போட்டனான், அண்ணை."

அது பொய்யில்லை. மதாம் ஊற்றிய தண்ணீருக்கு அவள் உப்புப் போட்டுத்தான் இருந்தாள்.

செம்பில் மிஞ்சிய தண்ணீருக்குத்தான் போடவில்லை.