நான்காவது ஆணி

அடித்தளத்துக்கு நாற்புறமும் பலகை அறைந்து முடித்த தச்சர் வடமலை, நடுவே, போன மாதம் தூர்த்த கிணற்றின்மேல், ஓரடிச் சதுர மரப்பெட்டி ஒன்றை நிறுத்தினார். கருவறையில் திருமேனியை நிறுத்துபவரின் கவனம் அவர் கைகளில் இருந்தது. நான்கு மூலையிலும் தரையில் அடித்த முளைகளோடு, முளைக்கொன்றாக நான்கு ஆணிகள் அதைப் பிடித்திருந்தன.

“கான்கிரீட்டுக்கு நடுவுல ஓட்டை எதுக்குய்யா?” என்றார் வீட்டுக்காரர் ஏகாம்பரம்.

“தூத்த கெணறு மூச்சு விடணுங்க. அதுல கொழாய் வச்சு மேல கொண்டாருவோம். வழக்கந்தான்.”

“எம் பொண்ண முழுங்குன கெணத்துக்கு மூச்சு ஒரு கேடா? புடுங்குய்யா அத!”

வடமலை ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார். அப்போது ஏகாம்பரத்தின் மனைவி திலகவதி பலகையைத் தாண்டி வந்து, பெட்டிக்குள் இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றாள். மகள் போன நாள்முதல் பதிகம் மறந்திருந்த உதடுகள் அசைந்தன.

“வெளிய வா திலகா. வண்டி வந்துருச்சு.”

“அவளுக்கு இருட்டுன்னா பயங்க.”

கலவை வண்டி பின்புறமாக நகர்ந்து வந்து நின்றது. ஏகாம்பரம் ஓட்டுநரைப் பார்த்து, பொறு என்பதுபோல் கையை உயர்த்தினார். கழற்றிய மூன்று ஆணிகளும் வடமலையின் பற்களிடையே இருந்தன. நான்காவது மட்டுமே பெட்டியைப் பிடித்திருந்தது.